கேளுங்கள், சொல்கிறேன்: இந்த இதழ் முழுக்க ஃப்ரெட்

போன இதழில் ஒரு வாசகி, "காலமாகிவிட்ட எழுத்தாளர் ஒருவரோடு ஒரு மாலை காபி குடிக்கலாம் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டிருந்தார். "அமெரிக்க அறிவியல் புனைகதைக்காரர் ஃப்ரெடரிக் போல்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டேன். யார் அவர், ஏன் அவர் என்று கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. மூட்டுவலி, மருமகள், வாழைப்பூ கேள்விகளெல்லாம் அடுத்த இதழுக்குப் போகின்றன. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

● யார் அம்மா அவர்? நான் கேள்விப்பட்டதே இல்லையே! (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி)

முதலில் பெயர். 'போல்' என்றுதான் உச்சரிக்க வேண்டும். தமிழில் எழுதினால் உவம உருபு மாதிரி ஆகி வாக்கியத்தையே குழப்பும். நண்பர்கள் அவரை ஃப்ரெட் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

1919 நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் பிறந்தார். 2013 செப்டம்பர் 2 அன்று, 93 வயதில் காலமானார். அப்பா விற்பனைத் தொழிலில் இருந்தவர், ஊர் ஊராக வாழ்க்கை. டெக்சாஸ், கலிஃபோர்னியா, பனாமா கால்வாய்ப் பகுதி என்று அலைந்து கடைசியில் புரூக்ளினில் குடும்பம் நிலைகொண்டது. 1930இல், பத்து வயதில், அறிவியல் கதைப் பத்திரிகை ஒன்று கைக்குக் கிடைத்தது. அட்டையில் செதில் செதிலாகப் பச்சை நிறத்தில் ஒரு விலங்கு. அன்றைக்குப் பிடித்தது, சாகும்வரை விடவில்லை. பதினேழு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. ரசிகர், கவிஞர், பத்திரிகை ஆசிரியர், எழுத்தாளர்களின் ஏஜென்ட், நாவலாசிரியர், பதிப்பாசிரியர், எழுத்தாளர் சங்கத் தலைவர் என்று அந்தத் துறையில் இருக்கிற எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்தார்.

நான் அவர் கதையை முதலில் படிக்கவில்லை, அவர் நடத்திய பத்திரிகையைத்தான் படித்தேன். 1973இல் அண்ணனைப் பார்க்கச் சென்னைக்குப் போனபோது, மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் அறுபது பைசாவுக்கு வாங்கினேன். 'இஃப்' என்று பெயர், 1966 பிப்ரவரி இதழ், அட்டை கிடையாது. ராபர்ட் ஹைன்லைன் எழுதிய நிலாப் புரட்சி நாவலின் மூன்றாவது பகுதி அதில் இருந்தது. மொத்தம் ஐந்து பகுதி. முதல் இரண்டும் தெரியாது, கடைசி இரண்டும் தெரியாது. மன்னார்குடிக்குப் பஸ்ஸில் திரும்பும்போது, முன்கதையையும் பின்கதையையும் நானே கட்டிக்கொண்டே வந்தேன். கதை கட்டுகிற வேலை எனக்குப் பிடிக்கும் என்று எனக்கே தெரிந்தது அன்றுதான்.

● 'ரசிகர்' என்கிறீர்கள். கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற ரசிகரா? (ஆட்டோ ஓட்டுநர், மதுரை)

இல்லை அண்ணே. ஆனால் சூடு அதே சூடுதான்.

1930களில் அந்தப் பத்திரிகைகளில் வாசகர் கடிதம் போடும்போது எழுதியவரின் முழு முகவரியையும் சேர்த்து அச்சடித்தார்கள். அதைப் பார்த்துப் பையன்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள், சைக்கிள் தூரத்தில் இருந்தவர்கள் நேரில் சந்தித்தார்கள். சங்கம் கட்டினார்கள், பத்திரிகை நடத்தினார்கள், சண்டை போட்டார்கள், சங்கத்தை உடைத்துப் புதுச் சங்கம் கட்டினார்கள். ஃப்ரெட் சேர்ந்த கூட்டத்துக்கு 'ஃப்யூச்சரியன்ஸ்' என்று பெயர். எதிர்காலக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐசக் அசிமோவ், சிரில் கார்ன்ப்ளூத், டொனால்ட் வோல்ஹைம், டேமன் நைட், ஜூடித் மெரில், ஜேம்ஸ் ப்ளிஷ் எல்லாரும் அதில் இருந்தவர்கள். அநேகமாக எல்லாருமே இருபது வயதை ஒட்டியவர்கள், கையில் காசு கிடையாது. பின்னால் அமெரிக்க அறிவியல் புனைகதையின் பாதி இவர்கள் கையில்தான் இருந்தது.

1939 ஜூலை 2. நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு. சுமார் இருநூறு பேர் வந்தார்கள். நடத்தியது எதிர்க் கோஷ்டி. ஃப்யூச்சரியன்களில் பலருக்கு இடதுசாரிச் சாய்வு. ஃப்ரெட் அப்போது இளம் கம்யூனிஸ்ட் கழகத்தில் இருந்தார். அமைப்பாளர்களைக் கண்டித்து அடித்த துண்டுப் பிரசுரம் ஒன்று மண்டபத்தில் கிடைக்க, ஆறு பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஃப்ரெட், கார்ன்ப்ளூத், வோல்ஹைம் மூவரும் அந்த ஆறு பேரில் அடக்கம். அசிமோவ் மட்டும் எப்படியோ உள்ளே போய்விட்டார்.

வாசலில் நின்ற பத்தொன்பது வயதுப் பையனின் முகத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தான் உயிராக நினைக்கிற ஒன்றின் முதல் திருவிழா உள்ளே நடக்கிறது, அவனுக்கு இடமில்லை. முப்பத்து மூன்று வருஷம் கழித்து, 1972இல், லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த அதே உலக மாநாட்டுக்கு அவரையே சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள்.

● எழுத்தில் அவருடைய முதல் சம்பாத்தியம் எவ்வளவு? நான் ஒரு பத்திரிகைக்குக் கவிதை அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. (கல்லூரி மாணவன், சேலம்)

பத்து டாலர், தம்பி. அவருடையதும் கவிதைதான். செத்துப்போன நிலாவுக்கு ஓர் இரங்கற்பா. எழுதியது 1935இல். ஏற்றுக்கொண்டதாகத் தகவல் வந்தது 1936இல். 'அமேசிங் ஸ்டோரீஸ்' பத்திரிகையில் அச்சானது 1937 அக்டோபரில், அதுவும் புனைபெயரில். காசு கைக்கு வந்தது 1938இல். எட்டு மாதம்தானே, இன்னொரு கவிதை எழுதி வேறொரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருங்கள்.

● பத்தொன்பது வயதில் பத்திரிகை ஆசிரியர் ஆனார் என்று எங்கோ படித்தேன். நம்ப முடியவில்லையே! (வங்கி ஊழியர், கோவை)

நம்பலாம். 1939 கடைசியில் ஒரு பெரிய மலிவுப் பத்திரிகை நிறுவனத்தின் படியேறிப் போய் வேலை கேட்டார். அவர்களும் அறிவியல் கதைப் பத்திரிகை தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். 'அஸ்டானிஷிங் ஸ்டோரீஸ்', 'சூப்பர் சயன்ஸ் ஸ்டோரீஸ்' என்று இரண்டு பத்திரிகைகளை அவரிடம் ஒப்படைத்தார்கள். சம்பளம் வாரத்துக்குப் பத்து டாலர். எழுத்தாளர்களுக்கு ஒரு வார்த்தைக்கு அரை சென்ட்.

அந்தக் காசுக்குப் பெரிய எழுத்தாளர்கள் யார் எழுதுவார்கள்? ஃப்ரெட் தன் சங்கத்துப் பையன்களைக் கூப்பிட்டார். நாலு பேர் சேர்ந்து நாலு புனைபெயரில் எழுதி இதழை நிரப்பினார்கள். மற்ற பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கதைகளையும் வாங்கிப் படித்தார். அப்படி வந்ததில் ஒன்று அசிமோவின் கதை. ஒரு சிறுமிக்கும் அவளைப் பார்த்துக்கொள்கிற இயந்திரனுக்கும் இடையிலான பாசம். 1940 செப்டம்பர் இதழில் ஃப்ரெட் அதைப் போட்டார். உலகமே இன்று பேசுகிற அசிமோவின் ரோபோ கதை வரிசையில் முதல் கதை அதுதான்.

ஆனால் ஆசிரியராக அவர் உச்சத்தில் இருந்தது அறுபதுகளில். 'கேலக்ஸி' பத்திரிகையின் ஆசிரியர் ஹொரேஸ் கோல்டுக்கு உடல்நிலை மோசமானபோது 1961இல் ஃப்ரெட் பொறுப்பேற்றார். கூடவே அதன் தங்கச்சிப் பத்திரிகையான 'இஃப்'. கேலக்ஸிதான் கௌரவமான பத்திரிகை, 'இஃப்' மிச்சம் மீதி வைக்கிற இடம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். இவர் அதை விளையாட்டுத் திடலாக ஆக்கினார். இதுவரை ஒரு கதைகூட அச்சில் பார்க்காத புது எழுத்தாளர் ஒருவருக்கு இதழ்தோறும் இடம் என்று வைத்தார். லாரி நிவன் அப்படி 1964இல் அறிமுகமானவர். 1966, 1967, 1968 மூன்று வருஷமும் அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹ்யூகோ, சிறந்த பத்திரிகைக்காக 'இஃப்'புக்குத்தான் போனது.

என்னிடம் உள்ள அந்த அட்டை போன இதழிலும் வாசகர் கடிதப் பகுதி இருக்கிறது. அதை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆசிரியரே கடிதக்காரராக இருந்து மேலே வந்தவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் கடிதம் எழுதியவர்களை அவர் மதித்தது படிக்கும்போதே தெரிந்தது. இந்தப் பகுதியை எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கங்கள்தான் ஞாபகம்.

● டீச்சர், நான் உங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் 1988இல் லோயர் பாஸ் பண்ணியவள். நீங்களும் பத்திரிகை நடத்தியதாக அம்மா சொல்வார். அந்த அமெரிக்கப் பையன்கள் நடத்திய பத்திரிகையும் அதுமாதிரியா? (உங்கள் மாணவி, மன்னார்குடி)

அச்சு அசல் அதேமாதிரிதான் கண்ணு. இன்ஸ்டிடியூட் தொடங்குவதற்கு முன்னால், 1976இல், நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து ஏழு இதழ் கொண்டுவந்தோம். எண்பது பிரதி. சைக்ளோஸ்டைல்.

உனக்கு ஸ்டென்சில் வெட்டிய ஞாபகம் இருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மெழுகு பூசிய நீலத் தாளை மெஷினில் ஏற்றி, ரிப்பன் எழுத்தில் படாமல் இருக்க லீவரை வெள்ளைப் புள்ளிக்குத் தள்ள வேண்டும். எழுத்து நேராக மெழுகில் விழுந்து அந்த இடத்தைக் கிழிக்கும். மை கிடையாது என்பதால் அடித்தது சரியா தவறா என்று கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மெல்ல அடித்தால் மை இறங்காது. ஓங்கி அடித்தால் 'ழ'வின் சுழி அப்படியே அறுந்து விழுந்து, பக்கத்தில் கறுப்புப் பொட்டு வந்துவிடும். தப்பு விழுந்தால் நகப்பூச்சு வாசனை அடிக்கிற சிவப்புத் திரவத்தைத் தொட்டு வைத்து, ஊதி ஊதிக் காயவைத்து, அதன்மேல் மறுபடி அடிக்க வேண்டும். பிறகு உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், ஒவ்வொரு தாளும் ஈரத்தோடு வந்து விழும். விரலெல்லாம் மை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் நகக்கண்ணில் இரண்டு நாள் இருக்கும்.

புரூக்ளின் பையன்கள் இதே ஸ்டென்சிலில், இதே உருளையில், இதே மையோடுதான் தங்கள் பத்திரிகைகளைச் சுற்றினார்கள். காசுக்காக இல்லை. ஒரு கதையைப் படித்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் அந்தப் பகுதியைப் படித்தபோது என் நகக்கண்ணில் மறுபடி மை ஒட்டிய மாதிரி இருந்தது எனக்கு.

● நான் விளம்பர நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் தொழிலைப் பற்றி அவர் எழுதிய நாவலை நண்பர்கள் புகழ்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? (வாசகி, சென்னை)

'ஸ்பேஸ் மெர்ச்சண்ட்ஸ்'. கார்ன்ப்ளூத்தோடு சேர்ந்து எழுதியது. 1952இல் கேலக்ஸியில் தொடராக வந்து, 1953இல் புத்தகம் ஆனது.

அது பிறந்த விதம் சுவாரசியமானது. இரண்டாம் உலகப் போரில் ஃப்ரெட் இத்தாலியில் விமானப்படையின் வானிலைப் பிரிவில் இருந்தார். ஊர் ஞாபகம் வந்து, நியூயார்க் விளம்பர உலகத்தைப் பற்றி ஒரு நாவல் எழுதத் தொடங்கினார், அறிவியல் எதுவும் இல்லாத சாதாரண நாவல். எழுதி முடித்தபிறகு பார்த்தால், விளம்பரத் தொழிலைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று புரிந்தது. போர் முடிந்து திரும்பியதும் தெரிந்துகொள்வதற்காகவே ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சில வருஷம் அங்கே விளம்பர வாசகம் எழுதினார். தொழில் நன்றாகப் பிடிபட்டதும் பழைய கையெழுத்துப் பிரதியை நெருப்பில் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் எதிர்காலத்துக்குத் தள்ளி புதிதாக எழுதத் தொடங்கினார்.

அந்த எதிர்காலத்தில் அரசாங்கம் பெயருக்குத்தான். உலகத்தை ஆள்வது விளம்பர நிறுவனங்கள். ஜனத்தொகை நெருக்கியதில் ராத்திரி ஆபீஸ் கட்டடங்களின் மாடிப்படிகளை வாடகைக்கு எடுத்துப் படுக்கிறார்கள், ஆளுக்குச் சில படி. ஒரு காபி பானத்தில் பழக்கப்படுத்தும் சரக்கைச் சேர்த்து விற்கிறார்கள், குடித்தவன் ஆயுளுக்கும் வாடிக்கையாளன். வெள்ளிக் கிரகத்தில் மனிதனால் குடியிருக்கவே முடியாது, ஆனால் அங்கே குடியேற ஆசை மூட்டுவதுதான் கதாநாயகனின் உத்தியோகம். எனக்கு மறக்காதது 'சிக்கன் லிட்டில்'. வெட்ட வெட்ட வளர்ந்துகொண்டே இருக்கும், கட்டடம் அளவுக்குப் பெரிய கோழி இறைச்சிக் கட்டி. தலையும் இல்லை, காலும் இல்லை. தொழிலாளர்கள் வாள் மாதிரிக் கத்தியால் அறுத்தெடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். ஆட்சிக்கு எதிரான ரகசிய இயக்கம் கூட்டம் போடுவது அந்த இறைச்சிக்கு உள்ளேயே, விசில் ஊதினால் சதை விலகி வழிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கோழி இறைச்சி இன்று சிங்கப்பூரில் விற்பனைக்கே வந்துவிட்டது. இவர்கள் அதை எழுதியது எழுபது வருஷத்துக்கு முன்னால்.

உங்கள் தொழிலை அவர் வெறுக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாசகம் எழுதியவர் என்பதால்தான் கதாநாயகன் தன் பொய்யைத் தானே நம்புகிற இடங்கள் அத்தனை உண்மையாக இருக்கின்றன.

● இரண்டு பேர் சேர்ந்து ஒரு நாவல் எழுதுவது எப்படி முடியும்? (இல்லத்தரசி, விருதுநகர்)

நியூ ஜெர்சியில் ஃப்ரெட்டின் பெரிய பழைய வீட்டில், மேல்மாடியில் ஒரே டைப்ரைட்டர். ஒருவர் போய் நான்கு பக்கம் அடித்துவிட்டு, வாக்கியம் பாதியில் நின்றாலும் அப்படியே விட்டுவிட்டு இறங்கி வருவார். அடுத்தவர் போய் அந்த இடத்திலிருந்து நான்கு பக்கம். மெஷின் சூடு ஆறுவதற்குள் ஆள் மாறிவிடும்.

கார்ன்ப்ளூத் 1958 மார்ச் 21 அன்று இறந்துபோனார். வீட்டு வாசலில் குவிந்திருந்த பனியை வாரித் தள்ளிவிட்டு, ரயிலைப் பிடிக்க ஓடியவருக்கு ஸ்டேஷனில் மாரடைப்பு. வயது 34. பாதியில் நின்ற கதைகள், நாலைந்து பக்கத் துண்டுகள் என்று அவர் விட்டுப்போனவற்றை ஃப்ரெட் எடுத்து வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாக முடித்தார். அதில் ஒன்று, சிறப்புப் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போய்வரும் ஒரு தகப்பனின் கதை, 1972இல் இருவர் பெயரிலும் வந்தது. 1973இல் அதற்கு ஹ்யூகோ விருது. நண்பன் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கதையைப் படித்துப் பாருங்கள், அம்மா. எந்த வாக்கியத்தில் ஒருவர் நிறுத்தி மற்றவர் தொடங்கினார் என்று நானும் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை.

● அவருக்குத் தோல்வியே இல்லையா? (சிறு வியாபாரி, ஈரோடு)

இருந்தது, கடனோடு. நாற்பதுகளின் கடைசியில் எழுத்தாளர்களின் ஏஜென்டாகத் தொழில் நடத்தினார். திறமையான ஏஜென்ட். ஒரு பத்திரிகை நிராகரித்து அசிமோவ் மூலையில் போட்டிருந்த குறுநாவலை, அவர் தயங்கத் தயங்க வாங்கிப்போய் டபுள்டே பதிப்பகத்தில் காட்டினார். 1950இல் வந்த அசிமோவின் முதல் நாவல் அதுதான். ஆனால் கை இளகிய மனிதர். கதை விற்பதற்கு முன்னாலேயே தன் எழுத்தாளர்களுக்குக் காசு கொடுத்துவிடுவார், அவர்கள் நிம்மதியாக எழுதட்டும் என்று. கணக்கு எப்படி நிற்கும்? 1953இல் கடையை மூடியபோது சுமார் முப்பதாயிரம் டாலர் கடன். அன்றைக்கு அது ஒரு வீட்டின் விலைக்கும் மேல். திவால் நோட்டீஸ் கொடுக்காமல் எழுதி எழுதியே அடைத்தார், பல வருஷம் ஆயிற்று. அந்த வருஷங்களில்தான் அவருடைய மிகச் சிறந்த சிறுகதைகள் சில பிறந்தன. கடன் நல்லது என்று சொல்லவில்லை ஐயா, கடன்பட்டவர் மேசையை விட்டு எழுந்திருக்க முடியாது.

● ஐந்து கல்யாணமாமே? (பெயர் வேண்டாம், தஞ்சாவூர்)

ஆமாம், ஐந்து. அதில் மூன்றாவது துணை ஜூடித் மெரில், ஃப்யூச்சரியன் கூட்டத்துப் பெண், அவரும் பெரிய எழுத்தாளர், தொகுப்பாசிரியர். பின்னால் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, தன் புத்தகச் சேகரிப்பு முழுவதையும் டொராண்டோ பொது நூலகத்துக்குக் கொடுத்தார். மெரிலின் வாழ்க்கையை அவர்களுடைய பேத்தி எமிலி எழுதி முடித்தார், அதற்கும் 2003இல் ஹ்யூகோ கிடைத்தது. ஐந்தாவது துணை எலிசபெத் ஆன் ஹல், இலக்கியப் பேராசிரியை. 1984இல் மணந்து கடைசிவரை கூடவே இருந்தார்.

● ஒரே ஒரு புத்தகம் படிக்கலாம் என்றால் எது? (மருத்துவ மாணவி, நாகர்கோவில்)

'கேட்வே', 1977. ஹ்யூகோ, நெபுலா உட்பட அந்த வருஷத்தின் பெரிய விருதுகள் எல்லாம் அதற்குத்தான். எப்போதோ மறைந்துபோன ஓர் இனம் சூரியக் குடும்பத்தில் ஒரு சிறுகோளில் கப்பல்களை விட்டுப் போயிருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும். எங்கே போகும், எத்தனை நாள் ஆகும், திரும்புமா, கையோடு எடுத்துப்போன சாப்பாடு போதுமா, எதுவும் தெரியாது. சிலர் கோடீஸ்வரர்களாகத் திரும்புகிறார்கள். சிலர் கப்பலுக்குள் பிணமாகத் திரும்புகிறார்கள். சிலர் திரும்புவதே இல்லை. கதாநாயகன் வீரன் இல்லை, கிளம்பப் பயந்து நாளைத் தள்ளிப்போடுகிறவன். அவன் பணக்காரனாகத் திரும்பி வந்துவிட்டான் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் ஓர் இயந்திர மனநல மருத்துவரின் முன்னால் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லாமல் நழுவிக்கொண்டே இருக்கிறான். உங்கள் படிப்புக்கு அந்தப் பேச்சுகள் பிடிக்கும். பக்கங்களுக்கு நடுநடுவே கட்டம் கட்டி வரிவிளம்பரங்கள், அறிவிப்புகள், கடிதங்கள். பத்திரிகை நடத்திய கையல்லவா!

கடைசி சில பக்கங்களைப் படித்துவிட்டு அன்று நான் இன்ஸ்டிடியூட்டைத் திறக்கவில்லை.

● எங்கள் ஊருக்கும் அவருக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று தம்பி சொல்கிறான். உண்மையா? (ஆசிரியை, திருகோணமலை)

உண்மைதான் தங்கச்சி. உங்கள் கடிதத்தைத்தான் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன்.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க், தன் கடைசிக் காலத்தில் ஒரு நாவலைத் தொடங்கினார். போலியோவின் பின்விளைவில் உடல் தளர்ந்து முடிக்க முடியாமல் போயிற்று. குறிப்புகளையும் எழுதிய பகுதிகளையும் பழைய நண்பர் ஃப்ரெட்டிடம் ஒப்படைத்தார். கிளார்க்குக்குத் தொண்ணூறு, ஃப்ரெட்டுக்கு எண்பத்தெட்டு. பிரதி முடிந்து கிளார்க் பார்த்துச் சரி சொன்ன சில நாட்களில், 2008 மார்ச் 19 அன்று காலமானார். 'லாஸ்ட் தியரம்' அந்த வருஷமே வெளிவந்தது.

கதாநாயகன் பெயர் ரஞ்சித் சுப்பிரமணியன். தமிழ்ப் பையன். அப்பா கணேஷ் சுப்பிரமணியன், திருக்கோணேஸ்வரத்தின் தலைமைக் குருக்கள். சிங்கள நண்பனோடு உள்ள நெருக்கத்தால் அப்பாவுக்கும் மகனுக்கும் மனஸ்தாபம். பையனுக்குக் கணக்குப் பைத்தியம். ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் 1637 வாக்கில் ஒரு புத்தக ஓரத்தில், நிரூபணம் தன்னிடம் இருக்கிறது, எழுத இடம்தான் போதவில்லை என்று குறித்துவிட்டுப் போன கணக்கு. ஆண்ட்ரூ வைல்ஸ் தொண்ணூறுகளில் அதைத் தீர்த்தார், ஆனால் நூறு பக்கத்துக்கு மேல். ஃபெர்மா மனத்தில் இருந்த குட்டி நிரூபணத்தைத் தேடுகிறான் ரஞ்சித். கடல் கொள்ளையர் விவகாரத்தில் தவறாகச் சிக்கித் தனிச்சிறையில் கிடக்கும்போது, தாளும் பேனாவும் இல்லாமல் தலைக்குள்ளேயே அதைக் கண்டுபிடிக்கிறான்.

ஏன் கோணேஸ்வரம்? போர்த்துக்கீசியர் இடித்த கோயிலின் எச்சங்களை 1956இல் சுவாமி மலை அடியில் கடலுக்குள் மூழ்கிக் கண்டவர்களில் கிளார்க்கும் ஒருவர். அந்தத் தண்ணீருக்குள் பார்த்தது அரை நூற்றாண்டு கழித்தும் அவர் மனத்தை விட்டுப் போகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நாவலாக அது இருவருடைய உச்சமும் இல்லை. பின்பாதியில் வேற்றுக் கிரகத்தார் கூட்டம் கூட்டமாக வந்து கதை சிதறிவிடுகிறது. ஆனால் சம்பந்தர் 'கோணமாமலை' என்று பாடிய இடத்துக் குருக்களின் மகனை, புரூக்ளினில் வளர்ந்த எண்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் மேசையில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக நடக்கவும் பேசவும் வைத்திருக்கிறார். அந்தச் சிறை அத்தியாயத்துக்காக அதைப் படியுங்கள்.

● இவ்வளவு பெரிய எழுத்தாளருக்கு 'சிறந்த ரசிக எழுத்தாளர்' விருது கொடுத்தார்களாமே? அது அவமானம் இல்லையா? (நூலகர், புதுச்சேரி)

நேர்மாறு. 2009இல், 89 வயதில், இணையத்தில் தன் பழைய நினைவுகளை எழுதத் தொடங்கினார். அசிமோவ், கார்ன்ப்ளூத், ஹைன்லைன், அச்சு மை, அரை சென்ட் சம்பளம். யாரும் காசு கொடுக்கவில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஸ்டென்சில் வெட்டிய காலம் மாதிரியே. ஆசிரியராக ஹ்யூகோ வாங்கியவர், எழுத்தாளராக ஹ்யூகோ வாங்கியவர், 2010இல் ரசிகராகவும் வாங்கினார். 1939இல் எந்தப் பட்டத்தோடு வாசலில் நின்றாரோ அந்தப் பட்டத்துக்கே.

பள்ளிக்கூடத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதில் விட்டுவந்த புரூக்ளின் டெக்னிகல் பள்ளி, 2009இல் அவருக்குக் கௌரவச் சான்றிதழ் கொடுத்தது.

● அவரிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது என்ன? (வாசகர், கரூர்)

நான்கு பக்கம். எங்கே இருந்தாலும், உடம்பு சரியில்லை என்றாலும், பயணத்தில் இருந்தாலும் ஒரு நாளைக்கு நான்கு பக்கம் என்று பல வருஷம் வைத்திருந்தார். எனக்கு இந்தப் பகுதிக்கு ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் வருகிறது. விடிகாலை ஐந்தரைக்கு, பால் வருவதற்கு முன்னால்.

● அந்தப் பழைய 'இஃப்' இதழை எனக்குத் தபாலில் அனுப்ப முடியுமா? படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். (பிளஸ் டூ மாணவி, கும்பகோணம்)

தபாலில் முடியாது குட்டி. தாள் பழுத்துவிட்டது, ஓரத்தைத் தொட்டாலே தூளாக உதிர்கிறது. ஊக்கு துருப்பிடித்து முதல் நாலு பக்கம் தனியாக வந்துவிட்டது, டிஷ்யூ தாள் வைத்து ஒட்டியிருக்கிறேன். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு நேரில் வா. என்றைக்கு என்று பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு கார்டு போடு, அவர்கள் என்னிடம் சொல்வார்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைக்கிறேன், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார். மூன்றாம் பகுதியைப் படித்து முடித்ததும், முன்னாலும் பின்னாலும் என்ன நடந்திருக்கும் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டும். முழு நாவலும் அலமாரியில் இருக்கிறது. அதை அப்புறம் தருகிறேன்.